தாழை ஏரிக்குள் அமராவதியின் மனை

மஞ்சக்குப்பத்தில் அரசாங்க அலுவலகங்கள் வரிசையாக இருக்கும் சாலையில், ஜெராக்ஸ் கடைக்கும் இளநீர் வண்டிக்கும் நடுவே மடக்கு மேஜை போட்டு மனு எழுதிப் பிழைக்கிறவன் நான். பெயர் ராஜமாணிக்கம். நான் எழுதிய மனு தோற்றதாகச் சரித்திரம் இல்லை. ஜெயித்ததாகவும் இல்லை. முக்கால்வாசிக்குப் பதிலே வராது. பதில் வராத மனு தோற்றுவிட்டது என்று யாரால் சொல்ல முடியும்? அந்தத் தைரியத்தில்தான் ஜனங்கள் திங்கட்கிழமைதோறும் என்னிடம் வருகிறார்கள், நானும் மூன்று வேளை சாப்பிடுகிறேன்.

அப்படி வந்தவர்களில் அமராவதியைப் பற்றி எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம். அலுவலகங்களில் அவளைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். மனுதாரர், பயனாளி, ஆக்கிரமிப்பாளர் என்று அவளுக்குப் பட்டங்களும் கொடுத்திருக்கிறார்கள். அதிலெல்லாம் அமராவதி எங்கே இருக்கிறாள் என்று தேடினால் கிடைக்க மாட்டாள்.

செம்மண்டலத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஆயா வேலை. புருஷன் ஆரோக்கியராஜ் பண்ருட்டி மண்டியில் லோடு ஏற்றுகிறவர். பலா சீசன் வந்தால் வாரக்கணக்கில் அங்கேயே தங்கி, லாரி நிழலில் படுத்து எழுந்து வருவார். ஒரே மகள் ஜான்சியைச் சிதம்பரத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் செம்மண்டலத்திலேயே லோகநாயகி அம்மாள் வீட்டின் பின்பக்கத்தில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார்கள்.

லோகநாயகி அம்மாளைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. வீடு வைத்திருக்கிறவர், அவ்வளவுதான். சாவியைக் கொடுக்கும்போதே சட்டதிட்டங்களையும் கொடுத்துவிடுவார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. கருவாடு வறுக்கக் கூடாது. விருந்தாளி ஒரு ராத்திரிக்கு மேல் தங்கக் கூடாது. ஆணி அடிக்க வழியில்லாததால் அமராவதி வீட்டு மாதா படம் டிரங்குப் பெட்டி மேல் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே இருந்தது.

ஜான்சிக்குத் தலைப்பிரசவம் வந்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது எங்கள் பக்கத்தில் சாதி, மதம் எதுவும் பார்க்காத வழக்கம். அமராவதி தயங்கித் தயங்கி லோகநாயகி அம்மாளிடம் கேட்டாள். பிரசவத்துக்கு வருகிறவளை விருந்தாளிக் கணக்கில் எழுதுவதா, குடித்தனக் கணக்கில் எழுதுவதா என்று அந்த அம்மாள் ரெண்டு நாள் யோசித்துப் பார்த்தார்.

“ரெண்டு பேருக்குன்னுதான் ரூம் வுட்டேன் அமராவதி. ரெண்டு மூணாவும், மூணு நாலாவும். புள்ள துணி அலசுறதுன்னாலே தண்ணி ஜாஸ்தி ஆவும். நான் தண்ணிக்கு எங்க போறது, சொல்லு?”

குழந்தை சிதம்பரத்தில் மாமியார் வீட்டில் பிறந்தது. வந்தவர்களிடமெல்லாம் அந்தச் சம்பந்தியம்மாள், “எங்க மருமவளுக்கு அம்மா இருக்காங்க, அம்மா வீடுதான் இல்ல” என்று சொன்னாளாம். அமராவதி அதை என்னிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் மனுவில் எழுத வேண்டிய காரணம் இது இல்லை என்று தெரிந்தும், எழுதச் சொன்னாள். ‘மகள் வந்து தங்க ஓர் இடம் வேண்டி’ என்றே எழுதினேன். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். அவள் கேட்டது வளை கூட அல்ல, வளை தோண்ட ஒரு துண்டு மண்.

ஆச்சரியமாக, அந்த மனுவுக்குப் பலன் கிடைத்தது. இரண்டாயிரத்து ஆறில் பந்தல் போட்டு, மைக் வைத்து, வீடில்லாதவர்களுக்கு மனைப் பட்டா கொடுத்தார்கள். அமராவதி பேரும் இருந்தது. கையில் பட்டாவும் ஒரு பொட்டலம் லட்டும் வந்தன. மேடையில் பேசியவர், “இன்று முதல் நீங்கள் நிலச் சொந்தக்காரர்கள்” என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். பட்டாவில் சர்வே எண் இருந்தது, மனை எண் இருந்தது, நான்கெல்லை இருந்தது, கோபுர முத்திரை இருந்தது. போய்ச் சேரும் வழியைத் தவிர எல்லாமே இருந்தது.

ஊர் பேர் பெருந்தாழை என்று போட்டிருந்தது. சிதம்பரம் போகிற சாலையில் இறங்கி உள்ளே நடக்க வேண்டும். இடத்தை அளந்து காட்டச் சொல்லிக் கடலூரில் ஓர் அலுவலகத்துக்குப் போனாள். நிலம் சிதம்பரம் பக்கத்தில் இருக்கிறது, அங்கே போ என்றார்கள். சிதம்பரம் பக்கத்து அலுவலகத்துக்குப் போனாள். ஆட்களைத் தேர்ந்தெடுத்தது கடலூரில், அங்கே போ என்றார்கள். எந்த அலுவலகங்கள் என்று நான் பேர் சொல்ல மாட்டேன். நாளைக்கும் நான் அங்கேதான் மேஜை போட வேண்டும். இரண்டு ஊருக்கும் நடுவில் ஓடிய பஸ்களுக்குத்தான் அந்தப் பட்டாவால் முதலில் வருமானம் வந்தது.

கடைசியில் மறு வருஷம் சித்திரையில் சர்வேயர் பழனிவேல் சங்கிலியோடு வந்தார்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் மனை பார்ப்பதும் அளப்பதும் சித்திரை, வைகாசியில்தான். பிளாட் போட்டு விற்கிறவர்கள் கொடி நட்டு, வேன் வைத்து, பிரியாணிப் பொட்டலம் கொடுத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவது அப்போதுதான். அரசாங்கம் நிலத்தை ஆய்வு செய்வதும் அப்போதுதான். அந்த வெயிலில் எங்கள் ஜில்லாவில் சமதளமாக, சுத்தமாக, இறுகிப் போய், ஒரு முள் கூட இல்லாமல் கிடக்கிற இடம் எது என்று நினைக்கிறீர்கள்? ஏரிதான். ஆடு மேயும், பையன்கள் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடுவார்கள், பார்க்கிறவனுக்கு ஆசை ஆசையாக வரும். ஐப்பசி, கார்த்திகையில் மனை பார்க்கப் போகிறவனை எங்கள் ஊரில் பைத்தியக்காரன் என்பார்கள். மாப்பிள்ளையைக் கல்யாணக் கோலத்தில் மட்டும் பார்த்துவிட்டுப் பெண் கொடுக்கிற வேலை இது. ஆனாலும் காலங்காலமாக இப்படித்தான் நடக்கிறது.

அமராவதிக்கு முதல் நாளே சந்தேகம் வந்தது.

“ஏன் சார், இவ்ளோ பெரிய எடத்துல ஒரு மரம் கூட இல்ல?”

“மரம் இருந்தா வெட்டுற செலவு உங்களுதும்மா. இல்லன்னு சந்தோஷப்படுங்க” என்றார் பழனிவேல்.

“அந்தப் பக்கம் நீளமா மேடு போட்டு வச்சிருக்காங்களே, அது என்னா?”

“காம்பவுண்டு மாதிரி நெனச்சிக்குங்க.”

“மேட்டு நடுவுல செங்கல்லு கட்டடம், பலகை எல்லாம் வச்சி?”

“பழைய கட்டடம்.”

ஏரிக்கரை காம்பவுண்டாகவும் மதகு பழைய கட்டடமாகவும் ஆனது இப்படித்தான். பழனிவேலைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவரை அளக்கச் சொன்னார்கள், அளந்தார். மனைக்கு நாலு என்று கருங்கல்லைத் தேடிக் கொண்டு வந்து நட்டார். அமராவதி தன் நாலு கல்லுக்கும் மஞ்சள் பூசினாள், பக்கத்தில் நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். கல்லுக்கு எதுவும் புரிந்திருக்காது, அவளுக்கு மனசு நிறைந்திருந்தது.

கார்த்திகையில் ஆரோக்கியராஜ் பண்ருட்டியிலிருந்து வந்திருந்தார். மனையைக் காட்டுகிறேன் வா என்று அமராவதி அவரை அழைத்துக்கொண்டு போனாள். கரை மேல் ஏறி நின்றார்கள். எதிரே தாழை ஏரி கரை தட்டி நின்றது. அந்த ஊர்க்காரன் ஒருவன் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான்.

“நம்ம மனை எங்க அமராவதி?”

அவள் தண்ணீரை நோக்கிக் கை நீட்டினாள். “அதோ நீர்க்காகம் முங்குதே, அதுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம்” என்றாள்.

ஆரோக்கியராஜ் பேச்சில்லாத மனுஷன். “நல்லா விசாலமாத்தான் இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாராம்.

மறு திங்கட்கிழமை என் மேஜைக்கு வந்தாள். என் தொழிலில் வித்தியாசமான மனுக்களை எழுதியிருக்கிறேன். தண்ணீர் விடச் சொல்லி எழுதியிருக்கிறேன், தண்ணீர் வரவில்லை என்று எழுதியிருக்கிறேன். என் மனையிலிருந்து தண்ணீரை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் வேறு இடம் கொடுங்கள் என்று எழுதியது அதுதான் முதல் தடவை. அடுத்த கார்த்திகையில் ஊரே மிதக்கிற மழை பெய்தது. ஊரில் தண்ணீர் வடிந்த பிறகும் அமராவதியின் மனையில் வடியவில்லை. மறுபடி எழுதினோம். அதற்கடுத்த வருஷமும் எழுதினோம்.

பதில் ஒன்று வந்தது. மேற்படி இடம் அலுவலர்களால் நேரில் ஆய்வு செய்யப்பட்டது, குடியிருப்புக்கு உகந்த நிலையில் உள்ளது. ஆய்வு செய்தது எந்த மாதம் என்று நான் சொல்லத் தேவையில்லை. இரண்டாவது பத்தியில் இன்னொரு நல்ல செய்தியும் இருந்தது. மனுதாரருக்கு ஏற்கெனவே வீட்டுமனை வழங்கப்பட்டுவிட்டபடியால், வீடற்றோருக்கான வேறு எந்தத் திட்டத்திலும் அவர் பெயரைச் சேர்க்க இயலாது.

“அப்படின்னா என்னா அண்ணே?”

“உனக்கு நிலம் இருக்கு. அதனால உனக்கு நிலம் கெடைக்காது.”

அவள் அதை ஒரு தடவை மெதுவாகத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எனக்குத்தான் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் கையெழுத்து நன்றாக வரும், அதைத் தவிர யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இப்படியே இருந்திருந்தால் இன்னும் பல வருஷம் நானும் அவளும் எழுதிக்கொண்டே இருந்திருப்போம். காரியம் மனுவால் நகரவில்லை, மீனால் நகர்ந்தது.

தாழை ஏரியில் வருஷா வருஷம் மீன் பிடிக்கிற உரிமையை ஏலம் விடுவார்கள். ஏலம் எடுப்பவர் அந்த ஊர் இளவரசு. நிலம், டிராக்டர், மீசை எல்லாம் உள்ள ஆள். தையில் தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியதும் ஆட்களை வைத்துப் பெரிய வலை இழுப்பார். முந்தின ரெண்டு வருஷமும் கரையோரத்தோடு நிறுத்திக்கொண்டவர், இரண்டாயிரத்துப் பத்து தையில் ஏரி நடுவுக்கு வலையை இழுத்துக்கொண்டு போகையில், அது எதிலோ மாட்டியது. இழுத்தார்கள். நீளத்துக்குக் கிழிந்தது. எடுத்துத் தைத்து மறுபடி போட்டார்கள், மறுபடி கிழிந்தது. ஆள் முங்கிப் பார்த்துவிட்டு வந்து, “உள்ள பூரா கல்லு நட்டிருக்கு, அதுல நம்பரு வேற எழுதியிருக்கு” என்றானாம்.

செய்தி கேட்டு அமராவதி லீவு போட்டுவிட்டுப் பஸ் ஏறினாள். கரையில் இளவரசு வலையைப் பரப்பி வைத்துக் கத்திக்கொண்டிருந்தார்.

“யாரும்மா ஏரிக்குள்ள கல்லு நட்டது?”

“ஏரின்னு யாருங்க சொன்னது? வீட்டு மனைன்னு கவர்மெண்ட்டு சொல்லுது. குடியிருக்க நல்ல எடம்னு எழுதியே குடுத்திருக்காங்க.”

“மனைன்னா அதுக்குள்ள மீன் எப்படி வந்துச்சு?”

“அதத்தாங்க நானும் கேக்குறேன். என் மனைக்குள்ள யாரு மீன் வுட்டது?”

இளவரசுக்கு ஏலத்தில் பழக்கம் உண்டு, இந்த மாதிரிக் கேள்வியில் பழக்கம் இல்லை. அவர் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். அமராவதி விடவில்லை.

“என் நாலு கல்லுக்கு நடுவுல இருக்கிற மீனு எனக்கு. வெளிய இருக்கிறத நீங்க அள்ளிக்குங்க.”

“மீனுக்குத் தெரியுமாம்மா உன் கல்லு எங்க இருக்குன்னு?”

“எனக்கே மூணு வருஷமா தெரியல, மீனுக்கு எப்படித் தெரியும்?”

கூடி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். இளவரசும் சிரித்துவிட்டு, ரெண்டு பெரிய விரால் மீனைப் பையில் போட்டுக் கொடுத்து அனுப்பினார். பட்டா வாங்கிய நாள் முதலாக அந்த மனையிலிருந்து அவளுக்குக் கிடைத்த ஒரே மகசூல் அதுதான்.

சிரித்ததோடு இளவரசு விடவில்லை. அடுத்த திங்கட்கிழமை அவரும் மனு எழுத வந்தார். யாரிடம்? என்னிடம்தான். ஏரிக்குள் நட்டிருக்கும் கல்லையெல்லாம் பிடுங்க வேண்டும் என்று அவருக்கு எழுதிக் கொடுத்தேன். அவருக்குப் பின்னால் நின்ற அமராவதிக்கு, மனைக்குள் நிற்கும் தண்ணீரை எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். ஒரே மேஜை, ஒரே பேனா, ஒரே சர்வே எண். இரண்டு பேரும் சேர்ந்தே உள்ளே போய்க் கொடுத்துவிட்டு வந்து, இளநீர் வண்டியில் ஆளுக்கு ஓர் இளநீர் குடித்தார்கள். இளவரசு கொடுத்தார்.

சிதம்பரம் பக்கத்து அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த ஞானசேகரன் எனக்குத் தெரிந்தவர், டைப்ரைட்டிங் வகுப்பில் ஒன்றாகப் படித்தோம். ஒரு நாள் வழியில் பார்த்தபோது சொன்னார். “ரெண்டு மனுவையும் ஒரே ஃபைல்ல போட்டுட்டாங்க. ஏரின்னு எழுதுனா பட்டா குடுத்தவருக்குப் பிரச்சனை. மனைன்னு எழுதுனா ஏலம் வுட்டவங்களுக்குப் பிரச்சனை. எப்படி எழுதுனா யாருக்கும் பிரச்சனை இல்லன்னு பாத்துக்கிட்டு இருக்காங்க.”

அப்படியும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அது ஏரிதான், பட்டா ரத்து. பட்டா கொடுத்தது யார் தப்பு என்ற கேள்வி வராமல் இருக்க, தப்பு ஏரிக்குள் இருப்பவர்களுடையது என்று ஆக்கிவிட்டார்கள். அந்த வருஷக் கடைசியில் அமராவதிக்கு நோட்டீஸ் வந்தது. நீர்நிலையை ஆக்கிரமித்துக் குடியிருந்து வரும் திருமதி அமராவதி, மேற்படி ஆக்கிரமிப்பை உடனே காலி செய்ய வேண்டும், தவறினால் அகற்றப்படும். மனையைக் காட்ட ஒரு வருஷம் ஆனது. நோட்டீஸ், செம்மண்டலத்தில் லோகநாயகி அம்மாள் வீட்டுப் பின்பக்கத்தைச் சரியாகக் கண்டுபிடித்து ஆள் மூலம் வந்து சேர்ந்தது. ஏரியில் குடியிருப்பவள் செம்மண்டலத்தில் எப்படிக் கையெழுத்துப் போட்டு வாங்குகிறாள் என்று கொண்டு வந்தவர் கேட்கவில்லை.

அமராவதி நோட்டீஸை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது.

“அண்ணே, நான் அங்க குடியிருக்கேன்னு அவுங்களே எழுதிட்டாங்க. ஏரியிலேர்ந்து காலி பண்றவுங்களுக்கு வேற எடம் குடுப்பாங்களாமே. எங்க ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு அம்மா சொன்னாங்க.”

ஞானசேகரனிடம் அழைத்துக்கொண்டு போனேன். அவர் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“மாற்று இடம் உண்டும்மா. மேட்டு நெலம், நல்ல எடம்தான். ஆனா வீடு இருந்து, அத நாங்க இடிச்சாத்தான் குடுக்க முடியும். உங்களுக்கு அங்க வீடே இல்லியே.”

“வீடு இல்லன்னு தெரியுதுல்ல சார்? அப்புறம் என்னாத்தக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் அனுப்புனீங்க?”

“அது பொதுவா எல்லாருக்கும் போறது.”

அமராவதி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். “அப்ப இடிக்கிறதுக்கு ஒரு வீடு வேணும்” என்றாள்.

ஞானசேகரன் நல்ல மனுஷன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, “இடிக்கிற மிஷினு வைகாசி கடைசியிலதான் வரும்” என்று சொல்லிவிட்டு, தான் எதுவும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

ஆரோக்கியராஜ் கேட்டதும் சிரித்தார். “ஊர்ல எல்லாரும் குடியிருக்க வீடு கட்டுவான். நீ இடிக்கக் கட்டச் சொல்ற.” ஆனாலும் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து சவுக்குக் கழியும் கீற்றும் வந்து சேர்ந்தன. இரண்டாயிரத்துப் பதினொன்று பங்குனியில் ஏரி காய்ந்ததும், தன் நாலு கல்லுக்கு நடுவில் அமராவதி வீடு கட்டினாள். பக்கத்து மனைக்காரர்கள் யாரும் வரவில்லை. இந்த விளையாட்டுக்கு அவர்களிடம் பொறுமை இல்லை.

நான் போய்ப் பார்த்தேன். இடிப்பதற்கு நாலு கழியும் ஒரு கூரையும் போதும். அவள் அப்படிக் கட்டவில்லை. தரையை உயர்த்தி, மண் கொட்டி இறுக்கி, சாணி மெழுகியிருந்தாள். தட்டி வைத்து உள்ளே தனியாக ஒரு பகுதி பிரித்திருந்தாள். கதவு இருந்தது, கதவுக்குப் பூட்டு இருந்தது. தெற்கே ஒரு ஜன்னல் விட்டிருந்தாள்.

“இடிக்கப் போற வீட்டுக்கு ஜன்னல் எதுக்கு அமராவதி?”

“காத்து வரணும்ல அண்ணே.”

நடுக்கழியில் ஆணி அடித்து மாதாவை மாட்டியிருந்தாள். ஓர் ஆணி போதும் படத்துக்கு. அவள் ஏழெட்டு அடித்து வைத்திருந்தாள்.

சித்திரையில் பள்ளிக்கூட லீவு விட்டதும் ஜான்சி குழந்தையோடு வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாகத் தாய் வீட்டில் தங்க வந்தாள். ஒரு ராத்திரி தங்கினாள், ரெண்டு ராத்திரி தங்கினாள், கேட்க ஆள் இல்லாததால் தங்கிக்கொண்டே இருந்தாள். ஆரோக்கியராஜ் பண்ருட்டியிலிருந்து வரும்போதெல்லாம் பலாப்பழம் கொண்டு வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். ஏரிக்கரை வரைக்கும் கருவாடு வறுக்கிற வாசனை வந்தது. ஜான்சியின் பெண் வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். அமராவதி வாசலில் உட்கார்ந்து மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். நான் ஊரில் எல்லாரையும் குறை சொல்கிறவன், எனக்கு அன்றைக்குக் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. இந்த வீடு நிற்கக் கூடாதா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நின்றால் ஐப்பசியில் மிதக்கும் என்பதும் தெரியும்.

சொன்ன மாதிரியே வைகாசிக் கடைசியில் மஞ்சள் நிற மிஷின் கரையில் இறங்கியது. அரசாங்க ஜீப் ஒன்றும் வந்தது. ஞானசேகரன் கையில் கேமரா இருந்தது. அகற்றும் முன் வீட்டையும் வீட்டுக்காரரையும் சேர்த்துப் படம் எடுத்து ஃபைலில் வைக்க வேண்டும், அதுதான் மாற்று இடத்துக்கு ஆதாரம். அமராவதி சாமான்களை முன்பே வெளியே எடுத்து வைத்துவிட்டு, நல்ல புடவை கட்டித் தலையில் பூ வைத்திருந்தாள். படம் எடுக்கிறார்கள் என்றால் பின்னே எப்படி நிற்பது? புருஷனையும் மகளையும் பேத்தியையும் கூப்பிட்டுக் கதவுக்கு முன்னால் நிறுத்தினாள்.

ஞானசேகரன் கேமராவைக் கண்ணில் வைத்தார், உடனே இறக்கினார்.

“அம்மா, சிரிக்காதீங்க. இடிக்கப் போற வீடு. கொஞ்சம் வருத்தமா நில்லுங்க.”

“சரிங்க சார்.”

மறுபடி வைத்தார். மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு நேராக நின்றாள். ஆரோக்கியராஜ் ரொம்ப நன்றாக வருத்தப்பட்டார், அவரைப் பற்றி எந்த அலுவலகமும் குறை சொல்ல முடியாது. ஜான்சி கண் கலங்கியே நின்றாள். அமராவதிக்குத்தான் வரவில்லை. ஒரு கையைக் கதவு மேல் வைத்துக்கொண்டு, என்ன செய்தும் முகம் அடங்காமல் நின்றாள். மிஷின்காரன் வெயிலாகிறது என்று ஹாரன் அடித்தான். வந்தவரைக்கும் போதும் என்று ஞானசேகரன் ஒரு படத்தை எடுத்துக்கொண்டார்.

அப்புறம் மிஷின் வந்தது. அவர்கள் கட்ட எடுத்துக்கொண்ட நேரத்தைச் சொன்னால் மிஷினுக்குச் சிரிப்பு வந்திருக்கும். கூரை சாய்ந்து, ஜன்னல் தட்டி முறிந்து, மெழுகிய தரை மேல் சக்கரம் ஏறியதும் அமராவதி அப்படியே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஜான்சி பிடித்துத் தூக்கியும் எழுந்திருக்கவில்லை. அந்த அழுகை ஒன்று போதும், ஒரு தெருவுக்கே மாற்று இடம் கொடுக்கலாம். ஆனால் அதற்குள் கேமராவை உறையில் போட்டுவிட்டார்கள்.

மாற்று இடம் கேட்டு எழுதினோம். அந்த வருஷக் கடைசியில் அடித்த புயலில் ஜில்லாவே கூரை பறிகொடுத்து நின்றது, பண்ருட்டியில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. ஆரோக்கியராஜுக்கு ஏற்ற லோடு இல்லை. அமராவதியின் ஃபைல் அடியில் போய்விட்டது. இரண்டாயிரத்துப் பன்னிரண்டு ஆடியில் பதில் வந்தது. அவள் பிரிக்காமலேயே என்னிடம் கொண்டு வந்து கொடுத்தாள். நான் சத்தமாகப் படித்தேன்.

‘கோப்பிலுள்ள புகைப்படத்தைப் பரிசீலித்ததில், மனுதாரர் குடும்பத்தாருடன் மகிழ்ச்சியாகக் காணப்படுகிறார். எனவே அவர் தாமாக முன்வந்து இடத்தைக் காலி செய்து கொடுத்ததாகக் கருதப்படுகிறது. கட்டாயமாக அகற்றப்பட்டவர்களுக்கு வழங்கப்படும் மாற்று இடம் கோர இவருக்கு வழியில்லை.’

முப்பது வருஷமாக மனு எழுதுகிறேன். இப்படி ஒரு வாக்கியத்தை நான் எழுதியதில்லை. எழுதியவன் கெட்டிக்காரன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள், இங்கே நம் பல் தெரிந்தாலே போதும், பூசாரி வரத்தை மறுத்துவிடுவான் போலிருக்கிறது.

“கவலப்படாத அமராவதி. மேல்முறையீடு இருக்கு” என்றேன். புதுத் தாள் எடுத்தேன். “அது சிரிப்பே இல்ல, வீடு போவுதேன்னு அழுகையில வாய் கோணிக்கிச்சுன்னு எழுதிடறேன். டாக்டர் சர்ட்டிபிகேட்டு கூட உங்க ஆஸ்பத்திரியில வாங்கிடலாம். அவுங்க என்னா கண்டாங்க?”

அவள் தலையை ஆட்டினாள்.

“அப்படி எழுதாதீங்க அண்ணே.”

“இதுல பொய் சொன்னா ஒண்ணும் பாவமில்லம்மா. எல்லாரும் எழுதுறதுதான். எழுதலன்னா எடம் கெடைக்காது.”

“தெரியுது.” பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். “எனக்கு வீடு வேணும் அண்ணே. வேற என்னா வேணும்னாலும் எழுதுங்க, வந்து நிக்கறேன். ஆனா நான் சிரிச்சது நெசம். எங்க வூட்டு வாசல்ல, எம்மவளப் பக்கத்துல வச்சிக்கிட்டு நின்னேன். அத மட்டும் இல்லன்னு எழுதாதீங்க.”